எரியாத கரண்டு பாய்

எரிந்துபோன மோட்டார்களைக் கொண்டு பாதி ஆயுளை ஓட்டியவர் நிஜாம். எரியாத கரண்டைக் கொண்டு மீதியை ஓட்ட வேண்டும் என்று தன் தலையில் எழுதியிருந்தது அவருக்கு ஐம்பது வயது தாண்டிய பிறகுதான் தெரியவந்தது. போன ஐப்பசியில் அவர் மௌத்தானபோது, அடக்கத்துக்கு வந்த கூட்டத்தில் பாதிப் பேர் அவரை நிஜாம் என்று சொல்லவில்லை. "எரியாத கரண்டு பாய் போயிட்டாரு" என்றுதான் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். அந்தப் பேர் எப்படி வந்தது என்பது போடியில் பலருக்கும் தெரியும். அந்தப் பேரால் அவர் எதை விட்டுக்கொடுத்தார் என்பது தெரியாது. தெரிய வேண்டாம் என்றுதான் அவரும் நினைத்தார்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் அவருக்கு வைண்டிங் கடை இருந்தது. எரிந்த மோட்டாரைப் பிரித்து, கருகிய செம்புக் கம்பியை உருவி எடுத்துவிட்டு, புதுக் கம்பி சுற்றிக் கொடுக்கும் வேலை. கிணற்று மோட்டார்கள் ஒரு பக்கம் வந்து குவியும். மலையில் ஏலக்காய் காயவைக்கும் ஸ்டோர்களிலிருந்து காற்று ஊதும் மோட்டார்கள் இன்னொரு பக்கம். சீசனில் சாமானைக் கீழே இறக்கிக் கொண்டுவர நேரம் இருக்காது, ஆளையே மேலே கூப்பிட்டுவிடுவார்கள். காற்று நின்றால் அறைக்குள் இருக்கிற காய் வெந்து பச்சை நிறம் போய்விடும். நிறம் போன காயை ஏலத்தில் ஒருவரும் கையில் எடுத்துக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

நிஜாம் தோட்டத்து ஆட்களோடு ஆளாக ஜீப்பில் நெருக்கியடித்து உட்கார்ந்து போடிமெட்டு ஏறுவார். இறங்கி வரும்போது அந்த ஜீப்பில் இருந்த அத்தனை பேர் வீட்டு விசேஷமும் வருத்தமும் அவருக்குத் தெரிந்திருக்கும். "ஒரு ஸ்குரூவக் கழட்டுறதுக்குள்ள ஊர்க்கதை பூராத்தையும் கழட்டிருவாரு பாய்" என்று ஸ்டோர்க்காரர்கள் சிரிப்பார்கள். அவர் கேட்பதில் வம்பு இருக்காது. பெண்ணுக்கு எப்போது பேறுகாலம், தகப்பனுக்கு இருமல் நின்றதா, இவ்வளவுதான். கேட்டதை மறக்கவும் மாட்டார். அடுத்த சீசனில் அதே ஆளைப் பார்த்ததும், விட்ட இடத்திலிருந்து விசாரிப்பார்.

வலது கண்ணில் ஆபரேஷன் ஆன பிறகு மெல்லிய கம்பி அவருக்கு இரண்டாகத் தெரிந்தது. ஒரு மோட்டாரைத் தப்பாகச் சுற்றி அது திரும்பி வந்த அன்றைக்கே கடையைக் கைமாற்றிவிட்டார். அப்புறம் கொஞ்ச நாள் வீட்டில் இருந்தார். அந்த நாட்களைப் பற்றி அவர் மனைவி சுஃபியா ஒரே ஒரு புகார்தான் சொல்வாள்: "நல்லா ஓடுன மிக்ஸிங்க அது. சும்மா இருந்த மனுசன், சும்மா இருந்த மிக்ஸியையும் கழட்டிப் போட்டுட்டாரு."

அந்தச் சமயத்தில்தான் மதுரையிலிருந்து ராம்பிரசாத் என்ற இளம் என்ஜினியர் போடிக்கு வந்தார். ஊருக்கு மேற்கே, மலைச்சாலை பிரிகிற இடத்துக்குப் பக்கத்தில், நகராட்சியின் பழைய மருத்துவமனை ஒன்று உண்டு. வாசலில் நிற்கும் வாகை மரத்தை வைத்து ஊரார் அதை வாகமரத்தாஸ்பத்திரி என்பார்கள். ராம்பிரசாத் வேலை பார்த்த கம்பெனி அந்த ஆஸ்பத்திரியோடு ஓர் ஒப்பந்தம் போட்டிருந்தது. பழைய குழல் விளக்கு, தடதடக்கிற ஃபேன், கரண்டைக் குடிக்கிற தண்ணீர் மோட்டார் எல்லாவற்றையும் கம்பெனி தன் கைக்காசைப் போட்டு மாற்றிக் கொடுக்கும். நகராட்சி ஒரு ரூபாய்கூடப் போட வேண்டாம். மாற்றியதால் கரண்டு பில் எவ்வளவு குறைகிறதோ, அந்தக் குறைச்சலில் பெரும்பங்கை ஐந்து வருஷத்துக்குக் கம்பெனி எடுத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு முழு லாபமும் நகராட்சிக்கு. சொன்ன அளவு குறையவில்லை என்றால் துண்டு விழுந்ததைக் கம்பெனி கட்ட வேண்டும். ஒவ்வொரு வருஷமும் வெளியாள் ஒருவர் வந்து அளந்து சொல்வார்.

இதற்கெல்லாம் உள்ளூரில் ஓர் ஆள் வேண்டும். விளக்கு கெட்டால் மாற்ற, மோட்டாரைக் கவனிக்க, எல்லாவற்றுக்கும் மேலாக ஆஸ்பத்திரி ஆட்களோடு முகம் கோணாமல் பழக. விசாரித்த இடத்திலெல்லாம் ராம்பிரசாத்துக்கு ஒரே பேரைத்தான் சொன்னார்கள். கழுத்தில் தொங்கவிட ஓர் அடையாள அட்டையும், வருஷாவருஷம் புதுப்பிக்கிற வேலையும் நிஜாமுக்குக் கிடைத்தன. அட்டையை வீட்டுக்குள்ளும் கழற்றாமல் நடந்தார். "தூங்கும்போதாவது கழட்டிவைங்க. யாரும் உங்கள வாசல்ல நிறுத்திக் கேக்க மாட்டாங்க" என்றாள் சுஃபியா.

ஆஸ்பத்திரியில் முதல் மாதம் சந்தேகத்திலேயே போனது. இலவசமாக ஒருவன் ஃபேன் மாட்டுகிறான் என்றால் ஏதோ உள்குத்து இருக்கிறது என்பது காவலாளி ஜக்கையனின் தீர்மானம். இரவுக் காவலும் அவர்தான், பகலில் ஆள் வராவிட்டால் பகல் காவலும் அவர்தான்.

"இன்னைக்கு ஃபேனு மாட்டுவான். நாளைக்குக் கட்டில மாத்துவான். நாளன்னிக்கு ஆஸ்பத்திரியவே எழுதி வாங்கிட்டுப் போயிருவான். நாம வாகமரத்தடியில நிப்போம்" என்றார் ஜக்கையன், நர்சுகளையும் நோயாளிகளையும் சாட்சிக்கு வைத்துக்கொண்டு.

ஏணிமேல் நின்று ஃபேனை முடுக்கிக்கொண்டிருந்த நிஜாம் கீழே பார்த்தார். ஒப்பந்தத்தை எடுத்து விளக்க அவருக்கு வாய் வராது. மோட்டார்க்காரர்களிடம் பேசுகிற மாதிரி ஒரே வாக்கியத்தில் போட்டு உடைத்தார்.

"ஜக்கையண்ணே, எரிஞ்ச கரண்டுக்கு ஈ.பி.க்காரன் காசு வாங்குறான். எரியாத கரண்டுக்கு எங்க கம்பெனி காசு வாங்குது. அதுலதான் எனக்குச் சம்பளம். போதுமா?"

"எரியாத கரண்டுக்குக் காசா? யோவ் பாய், அப்ப நான் திங்காத சோத்துக்கு எனக்கு எவன் காசு தருவான்?"

வார்டே சிரித்தது. பெண்கள் வார்டு நர்ஸ் பொன்னுமணி சிஸ்டர்கூட, எப்போதும் கடுகடுவென்று இருப்பவர், முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். அன்றைக்கே அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது.

புது ஃபேன்களால் ஒரு கூத்து நடந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு ரிமோட் வந்தது. ஆனால் எல்லாம் ஒரே ஜாதி ரிமோட். மூலைக் கட்டிலில் இருக்கிற அம்மாள் குளிருகிறதென்று தன் ஃபேனை நிறுத்தினால், வார்டு முழுக்க ஃபேன் நின்றுவிடும். எதிர்க் கட்டில்காரி புழுங்குகிறதென்று போட்டால் மூலைக்காரிக்குச் சேர்த்து ஓடும். இரண்டு நாள் ரிமோட்டும் கையுமாகப் பெண்கள் சண்டை போட்டார்கள். கடைசியில் நிஜாம் எல்லா ரிமோட்டையும் வாங்கிப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, ஒன்றை மட்டும் குளுக்கோஸ் ஏற்றுகிற பழைய டியூபில் கட்டி பொன்னுமணி சிஸ்டர் மேசையில் தொங்கவிட்டார். சுவரில் ஃபேனுக்கு ஒன்றாக சுவிட்சும் வைத்துக் கொடுத்தார். அதோடு சந்தேகம் எல்லாம் விலகி, அவர் ஆஸ்பத்திரி ஆளாகிவிட்டார். காலையில் வருவார். கட்டில் கட்டிலாக நின்று விசாரிப்பார். மலையிலிருந்து வந்தவர்களில் பாதிப் பேருடைய அப்பனையோ அண்ணனையோ அவருக்கு ஜீப்பில் பழக்கம். சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துக்கு முன்னால் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

பில் இறங்கியது. எதிர்பார்த்ததைவிட இறங்கியது. மாதத்துக்கு மாதம் இன்னும் இறங்கிக்கொண்டே போனது. ராம்பிரசாத் மதுரையிலிருந்து போனில் கூப்பிட்டார்.

"அண்ணே, எங்க கம்பெனி எடுத்திருக்கிற எந்தக் கட்டடத்துலயும் இவ்ளோ இறங்கல. என்னண்ணே பண்றீங்க அங்க?"

"ஒண்ணும் பண்ணலையே தம்பி. வர்றேன், போறேன்."

"வருசம் முடியிறவரைக்கும் இப்பிடியே வந்துச்சுன்னு வைங்க, மாவட்டத்துல அடுத்து எடுக்கிற கட்டடம் எல்லாத்துக்கும் ஒரு ஆளு போடப் போறாங்க. நிரந்தர வேலை. உங்க பேரத்தான் சொல்லியிருக்கேன்."

நிரந்தரம் என்ற சொல்லை நிஜாம் அதுவரை தன் வேலையோடு சேர்த்துக் கேட்டதில்லை. மோட்டார் எரிந்தால் உண்டு, எரியாவிட்டால் இல்லை என்று போன வாழ்க்கை. அன்றைக்கு வீட்டுக்குப் போகும் வழியில் அல்வா வாங்கினார். சுஃபியா பொட்டலத்தைப் பார்த்து, "என்ன, ஆஸ்பத்திரியில யாருக்காச்சும் ஆம்பளப் புள்ள பொறந்துச்சா?" என்று கேட்டாள்.

"எனக்கு வேலை பொறந்திருக்கு" என்றார். அடுத்த சில வாரங்கள் அவர் நடையே மாறியிருந்தது. தேவாரம், உத்தமபாளையம், பெரியகுளம் என்று எந்தப் பஸ்ஸில் எங்கே ஏறி இறங்குவது என்பதுவரைக்கும் மனசுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டார். சுஃபியாவும் தன் பங்குக்கு அவருக்கு இரண்டு புதுச் சட்டை எடுத்துவைத்தாள்.

வருஷம் முடிய மூன்று மாதம் இருந்தபோது ஒரு நாள் விடிந்தும் விடியாமல் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. மலையிலிருந்து பேறுகாலத்துக்கு வந்து பிள்ளை பெற்றிருந்த பாண்டீஸ்வரி என்ற பெண், பாத்ரூமுக்குப் போகும் நடையில் இருட்டில் வழுக்கி விழுந்துவிட்டாள், கையில் அடி என்றார்கள்.

இருட்டு என்ற சொல் நிஜாமுக்குக் குத்தியது. அந்த நடையில் விளக்கு போட்டவர் அவர். கெட்டுப்போனதை யாரும் சொல்லவில்லையே, தானும் பார்க்காமல் விட்டுவிட்டோமே என்று பதறிக்கொண்டு, புது விளக்கு ஒன்றை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு சைக்கிளை மிதித்தார். ஏணியைச் சாத்தி ஏறி, நடையில் இருந்த விளக்கைக் கழற்றிச் சோதித்தார். விளக்கில் குறை ஒன்றும் இல்லை. கம்பியைப் பார்த்தார், அதிலும் இல்லை. இறங்கி வந்து சுவிட்சைப் போடப் போனவர் கை அப்படியே நின்றது.

சுவிட்சின்மேல் குறுக்கும் நெடுக்குமாக வெள்ளை பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. புண்ணுக்குப் போடுகிற பிளாஸ்திரி. அடுத்த சுவிட்சிலும் அதேபோல. அதற்கடுத்ததிலும்.

"யாருண்ணே இது ஒட்டுனது?" என்றார், பின்னால் வந்து நின்ற ஜக்கையனிடம்.

"நாந்தான்" என்றார் ஜக்கையன். குரலில் ஒரு பெருமை இருந்தது. "புதுசா வர்ற சனத்துக்குத் தெரியாதுல்ல பாய்? பட்டுனு போட்டுருவாக. அதான் ராத்திரியில கை வைக்காத மாதிரி ஒட்டிவிட்டு, நீங்க வர்றதுக்குள்ள பிச்சு எடுத்துருவேன்."

"எதுக்கு?"

"எதுக்கா? நல்லா கேக்குறீகளே. எரியாத கரண்டுலதான ஒங்களுக்குச் சம்பளம்? நீங்கதான ஏணிமேல நின்னு சொன்னீக? நாங்க எரிச்சுத் தள்ளுனா ஒங்க வீட்டுல எப்பிடி உலை கொதிக்கும்?"

ஜக்கையன் நிறுத்தவில்லை. செய்ததை எல்லாம் சொல்லிவிடுவது என்று முடிவுக்கு வந்தவர்போல ஒவ்வொன்றாகச் சொன்னார். நிஜாம் சைக்கிளை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டியதும் நடை விளக்குகளை அணைத்துவிடுவார்கள். மாடிப்படி விளக்கு வேண்டாம் என்று எல்லோரும் சேர்ந்து முடிவு செய்தாயிற்று. வெந்நீர்ப் பெட்டியைத் தொடுவதில்லை. ஃபேனை ஒன்றுவிட்டு ஒன்று போடுவார்கள், புழுங்கினால் அட்டையால் விசிறிக்கொள்வார்கள். காலையில் வாகை மரத்தடியில் அவர் சைக்கிள் தெரிந்ததும் யாராவது ஒருவர் குரல் கொடுப்பார். உடனே எல்லா ஃபேனையும் போட்டுவிடுவார்கள்.

"அது எதுக்கு?"

"நீங்க பார்த்தா வருத்தப்படுவீகள்ல."

நிஜாம் ஏணியைச் சுவரில் சாய்த்துவிட்டுப் பெண்கள் வார்டுக்குள் போனார். பாண்டீஸ்வரி சுவர் ஓரக் கட்டிலில் இருந்தாள். இடது மணிக்கட்டில் மாவுக்கட்டு. பிள்ளையை வலது பக்கம் போட்டு, ஒரு கையாலேயே அதைச் சேலைக்குள் இழுத்து அணைக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் எழுந்திருக்கப் போனாள்.

"இரு ஆத்தா, இரு. வலிக்குதா?"

"சாரமில்லண்ணே" என்றாள். பெரிதில்லை என்று சொல்ல மலைக்காரர்களுக்கு அந்த மலையாளச் சொல்தான் வாய்க்கு வரும். "எங்க லயத்து வீட்டுல இருட்டுதான். பழக்கந்தான் எனக்கு. இங்கதான் தரை மொழுமொழுன்னு கெடக்கு. நாந்தான் சொவத்தப் பிடிச்சுப் போயிருக்கணும்."

"சுவிட்சப் போட்டிருக்கலாம்ல ஆத்தா?"

அவள் சிரித்தாள். "ஒங்க சம்பளமாம்ல? பக்கத்துக் கட்டில் அக்கா சொல்லுச்சு. எங்க அப்பாகூட ஒங்களத் தெரியும்னு சொல்லும். ஸ்டோருக்கு வருவீகளாம்."

நிஜாம் அதற்கு மேல் அங்கே நிற்கவில்லை. வெளியே வந்து, நடையில் இருந்த பிளாஸ்திரிகளை நகத்தால் சுரண்டிச் சுரண்டி எடுத்தார்.

அந்த வாரமே ராம்பிரசாத் போடிக்கு வந்தார். ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த டீக்கடையில் உட்கார்ந்து நிஜாம் எல்லாவற்றையும் சொன்னார். ராம்பிரசாத் டீயைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். டீ ஆறியது.

"அண்ணே, தேவையில்லாத லைட்ட அணைக்கிறது நல்ல பழக்கந்தான? அதையும் சேமிப்புலதான் சேப்பாங்க. யாரும் தப்புன்னு சொல்ல மாட்டாங்க."

"தேவையில்லாததுன்னா சரி தம்பி. இவுக தேவையானதத்தான அணைச்சிருக்காக. வெந்நி இல்லாம புள்ளத்தாச்சிக பச்சத் தண்ணியில குளிச்சிருக்காக."

ராம்பிரசாத் ஆறிய டீயைக் கீழே வைத்தார். பிறகு ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். "வெளிச்சமும் காத்தும் முன்னாடி இருந்த அளவுக்குக் குறையக் கூடாதுன்னு ஒப்பந்தத்துலயே இருக்கு. இருட்டுல உட்கார்ந்து மிச்சம் பிடிச்சத நாங்க மிச்சம்னு சொல்லக் கூடாது. நீங்க சொன்னா நான் அளக்க வர்றவர்கிட்டச் சொல்லித்தான் ஆகணும். அவர் கழிச்சிருவாரு. கழிச்சா நாங்க சொன்ன அளவுக்கு வராது, கம்பெனி துண்டு கட்டணும். அப்புறம் அந்த நிரந்தர வேலைக்கு உங்க பேரைச் சொல்ல எனக்கு வாய் இருக்காதுண்ணே."

"சொல்லாட்டி?"

"சொல்லாட்டி, அது அவங்க பழக்கம். நமக்குத் தெரியாது." ராம்பிரசாத் அவர் முகத்தைப் பார்த்தார். "நான் உங்கள எதுக்கும் கட்டாயப்படுத்தல. யோசிச்சுச் சொல்லுங்க."

வீட்டுக்கு வந்து சுஃபியாவிடம் சொன்னார். அவள் முதலில் சிரித்துவிட்டாள். சிரித்துச் சிரித்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஆஸ்பத்திரி பூரா அட்டைய வச்சு விசிறிக்கிட்டா இருந்துச்சு? உங்க சைக்கிளப் பார்த்ததும் ஃபேனப் போட்டாங்களா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானும் இங்க லைட்ட அணைச்சிருப்பேன்ல."

"சிரிக்காத புள்ள. வேலை போகப்போகுது."

அவள் சிரிப்பு நின்றது. அலமாரியில் மடித்துவைத்த புதுச் சட்டைகளின் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். அவரும் பார்த்தார்.

"கை ஒடஞ்ச புள்ளைக்கு யாரு இருக்கா கூட?" என்று கேட்டாள்.

"மாமியாக்காரி. அதுவும் காய் எடுக்கப் போகணும்னு மேல ஏறிருச்சு."

"கசாப்புக் கடையில நல்ல ஆட்டுக்காலாப் பார்த்து வாங்கிக் கொண்டாங்க. சூப்பு வச்சுத் தர்றேன். எலும்பு கூடும்."

அவள் சொன்னது அவ்வளவுதான். நிஜாமுக்கு அது போதுமாக இருந்தது. கசாப்புக் கடைக்குப் போகிற வழியிலேயே ராம்பிரசாத்தைப் போனில் கூப்பிட்டு, "கழிச்சிரச் சொல்லுங்க தம்பி" என்றார்.

ஆனால் அணைத்த விளக்கை மறுபடி எரியவைப்பது அவர் நினைத்த மாதிரி லேசான சோலியாக இல்லை. மறுநாள் கட்டில் கட்டிலாகப் போய், "வேணும்கிற லைட்டப் போடுங்க. வெந்நி போட்டுக்கோங்க. எனக்கு ஒண்ணும் குறையாது" என்று சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள். அவர் தலை மறைந்ததும் அணைத்துவிட்டார்கள். "பாய் பெருந்தன்மைக்குச் சொல்றாரு. நாம அதச் சாக்கா வச்சு எரிக்கலாமா?" என்றார் ஜக்கையன்.

இரண்டு நாள் மன்றாடிப் பார்த்துவிட்டு நிஜாம் பொறுமை இழந்தார். ஒரு பொய்யைச் சொன்னார். "இங்க பாருங்க, லைட்டு எரியாம இருந்தா, கெட்டுப்போச்சு, நான் மாத்தலேன்னு கம்பெனிக்காரன் என் சம்பளத்துல பிடிச்சிருவான். ஆமா, சொல்லிட்டேன்."

அடுத்த நாள் நண்பகல் வெயிலில் அவர் சைக்கிளில் வந்து இறங்கியபோது, வாகமரத்தாஸ்பத்திரி கல்யாண வீடு மாதிரி இருந்தது. வாசல் விளக்கு, மாடிப்படி விளக்கு, மருந்துக் கிடங்கு விளக்கு, யாருமே இல்லாத அறைகளின் விளக்கு எல்லாம் பகலில் எரிந்துகொண்டிருந்தன. ஆளில்லாத கட்டில்களுக்கு மேலே ஃபேன்கள் முழு வேகத்தில் சுற்றின. ஜக்கையன் வாசலில் நின்று, "ஒண்ணுகூட விடல பாய். கக்கூசு லைட்டுகூட எரியுது. எவன் பிடிக்கிறான் பார்ப்போம் சம்பளத்துல!" என்றார்.

நிஜாம் வாகை மரத்தடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். சிரிப்பதா அழுவதா என்று அவருக்குத் தெரியவில்லை.

பொன்னுமணி சிஸ்டர் வெளியே வந்தார். "என்ன பாய் சொன்னீங்க இவங்ககிட்ட? காலையிலருந்து ஒரே தேர்த்திருவிழாவா இருக்கு. நேத்து புழுக்கத்துல கெடந்தாங்க, இன்னைக்கு ஃபேன் காத்துல புள்ளைகளுக்குச் சளி பிடிக்கப் போகுது. உள்ள வாங்க. உண்மையச் சொல்லுங்க எல்லார்கிட்டயும். சுத்தி வளைக்காம."

நிஜாம் உள்ளே போனார். பெண்கள் வார்டின் நடுவில் நின்றார். ஜக்கையனும், சமையல்காரரும், ஆண்கள் வார்டிலிருந்து நடக்க முடிந்தவர்களும் வாசலில் கூடினார்கள். நிஜாம் மோட்டாரைப் பற்றி எவ்வளவு நேரமும் பேசுவார், தன்னைப் பற்றி நின்று பேசியதில்லை.

"நான் அன்னைக்கு ஏணிமேல நின்னு சொன்னது ஒரு பேச்சுக்குச் சொன்னது. எனக்கு மாசச் சம்பளம். நீங்க எரிச்சாலும் அதேதான், அணைச்சாலும் அதேதான். நேத்து சொன்னதும் பொய். லைட்டு எரியலேன்னு யாரும் பிடிக்க மாட்டாக. எனக்காக யாரும் எரிக்கவும் வேணாம், அணைக்கவும் வேணாம். ஒங்களுக்கு வேணும்னா போடுங்க, வேணாம்னா அணைங்க. எனக்காக இந்தப் புள்ள கைய ஒடச்சுக்கிட்டா. அது எனக்குத் தாங்கல."

ஒரு பிள்ளை மட்டும் சிணுங்கியது. ஜக்கையன்தான் முதலில் வாயைத் திறந்தார். அவர் குரல் இறங்கியிருந்தது.

"அப்ப, நாங்க எரிச்சா ஒங்களுக்கு நட்டம் ஒண்ணுமே இல்லையா பாய்? நெசமாச் சொல்லுங்க."

பொன்னுமணி சிஸ்டருக்கு ராம்பிரசாத் மூலம் அந்த நிரந்தர வேலையைப் பற்றித் தெரியும். அவர் நிஜாமைப் பார்த்தார். நிஜாம் அவர் பக்கம் திரும்பவில்லை.

"ஒரு நயாபைசா நட்டமில்லண்ணே" என்றார்.

பொன்னுமணி சிஸ்டர் மேசையில் தொங்கிய ரிமோட்டை எடுத்து, தேவையில்லாமல் ஓடிய ஃபேன்களின் சுவிட்சை ஜக்கையனை அணைக்கச் சொல்லி, மீதியை மெதுவாக ஓடவிட்டார். "சரி, சரி. எல்லாரும் அவங்கவங்க எடத்துக்குப் போங்க. பாய், நீங்க அந்த வெந்நிப் பெட்டியப் பாருங்க. இத்தன நாள் போடாமப் போட்டு அது என்ன கதியில இருக்கோ" என்றார். குரல் எப்போதும்போலக் கடுகடுவென்றுதான் இருந்தது.

அந்த மூன்று மாதமும் ஆஸ்பத்திரியில் சாதாரணமாக விளக்கு எரிந்தது. அளக்கிறவர் வந்தார். புது விளக்காலும் புது ஃபேனாலும் குறைந்ததை ஏற்றுக்கொண்டார், இருட்டால் குறைந்ததைக் கழித்தார். சொன்ன அளவுக்குக் கொஞ்சம் துண்டு விழுந்தது. கம்பெனி கட்டியது. நிரந்தர வேலை பெரியகுளத்து ஆள் ஒருவருக்குப் போனது. ராம்பிரசாத் போனில் சொல்லாமல் நேரில் வந்து சொன்னார். நிஜாமின் பழைய வேலையை இன்னொரு வருஷத்துக்குப் புதுப்பித்த தாளையும் கையோடு கொண்டுவந்தார். நிஜாம் அவரை வீட்டுக்கு அழைத்துப் போய்ச் சாப்பாடு போட்டு அனுப்பினார். சட்டைகளில் ஒன்றை அன்றைக்குத்தான் எடுத்துப் போட்டுக்கொண்டார்.

இருந்தாலும் அதற்குப் பிறகு கொஞ்ச நாள் அவர் ஆஸ்பத்திரிக்குள் நடக்கும்போது ஒரு கூச்சம் இருந்தது. எல்லோரும் அவரிடம் மரியாதையாக, மெதுவாகப் பேசினார்கள். விளக்கு கெட்டால்கூடச் சொல்லத் தயங்கினார்கள். அவர்களாகச் சொல்லாவிட்டாலும் நிஜாம் தானாகப் போய், "எதும் ரிப்பேரு இருக்கா?" என்று கேட்பார். "ஒண்ணுமில்ல பாய், எல்லாம் நல்லாருக்கு" என்பார்கள். இன்னமும் தன்னைப் பார்த்துப் பாவப்படுகிறார்களோ என்று அவருக்கு உறுத்தியது.

ஒரு நாள் காலையில் ஆண்கள் வார்டிலிருந்து ஒரு குரல் கட்டடத்தையே தூக்கியது. தேவாரத்துப் பக்கத்து விவசாயி ஒருவர். வாழைத் தோட்டத்துக்குள் வந்த யானையைப் பார்த்து ஓடி, வாய்க்காலில் விழுந்து காலை உடைத்துக்கொண்டவர். முந்தின நாள்தான் சேர்த்திருந்தார்கள். நிஜாமைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது.

"யோவ், கழுத்துல அட்டை மாட்டுன ஆளு! ஒன்னையத்தான்யா. இங்கிட்டு வா. இதுக்குப் பேரு ஃபேனாய்யா? என்னையத் தொரத்துன ஆனை காத ஆட்டுனப்பகூட இதவிடக் காத்து வந்துச்சுய்யா!"

வார்டு கொல்லென்று சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள், இவ்வளவு நாள் வாயை மூடிக்கொண்டிருந்த ஜக்கையனும் வாசலிலிருந்து சேர்ந்துகொண்டார். "அதக் கேளுங்க! வாசல் லைட்டு நாலு நாளாச் சிமிட்டுது. சொன்னா மனசு நோகுமேன்னு இருந்தேன். இனி என்ன மனசு? வந்து பாரும்யா!" பொன்னுமணி சிஸ்டர் தன் மேசையிலிருந்தே, "எனக்கும் ஒரு பிளக்கு தளர்ந்து கெடக்கு, மறக்காம வாங்க" என்றார்.

நிஜாம் ஏணியை எடுக்க ஓடினார். ஆனை துரத்திய விவசாயியின் ஃபேனைப் பிரித்துச் சரிசெய்து ஓடவிட்டபோது அவர் இன்னும் இரண்டு குறை சொன்னார். அதையும் நின்று கேட்டுக்கொண்டார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தவரைப் பார்த்துச் சுஃபியாவுக்கு ஆச்சரியம். பழைய நடை திரும்பியிருந்தது.

"என்ன, அந்த வேலை வந்திருச்சா?"

"இல்ல. இன்னைக்கு ஆஸ்பத்திரியில எல்லாரும் சேர்ந்து என்னையத் திட்டு திட்டுன்னு திட்டிட்டாக."

"அதுக்கா இம்புட்டுச் சிரிப்பு?"

நிஜாம் பையிலிருந்து திருப்புளியை எடுத்துத் துடைத்துக்கொண்டே, "நாளைக்கு வெரசா எழுப்பி விடு. வாசல் லைட்டு வேற சிமிட்டுதாம்" என்றார்.